ஐயத்தை ஒத்திவைத்துப் படம் பார்ப்பது எப்படி: பெரியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

படம் தொடங்கி அரை மணி நேரம் ஆவதற்குள் ‘இது எப்படி நடக்கும்?’ என்ற கேள்வி எழுந்து, அதன்பிறகு திரையில் நடப்பது எதுவும் மனத்தில் ஒட்டுவதில்லை என்று சொல்லும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோலாலம்பூர், செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்தார் கூடிச் சனிக்கிழமை இரவுகளில் படம் பார்க்கும் வழக்கம் உண்டு. புதிதாக வந்து சேர்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அங்கே தொடர்ந்து கவனித்ததில், படிகளின் வரிசைதான் முக்கியம் என்று தெரிந்தது.

‘லாஜிக் பார்க்காதீர்கள், மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள்’ என்று நண்பர்கள் சொல்லும் அறிவுரை பயன்படாது. கிணற்றில் விழுந்தால் ஆள் சாவான் என்பது நினைவிருந்தால்தான் கதாநாயகன் கிணற்று விளிம்பில் நடக்கும்போது நமக்கு நெஞ்சு பதறும்; மூளை இல்லாதவனுக்குப் பதற்றமும் இல்லை. ஐயத்தைச் சிறிது நேரம் காத்திருக்கச் சொல்லி, பிறகு அதற்குரிய நேரத்தைத் தவறாமல் கொடுப்பதுதான் இங்கே நாம் பழகப்போகும் வேலை.

1. உட்காரும் முன் தேவைப்படுபவை

குறுக்கீடில்லாத இரண்டரை மணி நேரம் வேண்டும். வேலை முடிந்து, போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து வந்து, சாப்பிட்டு முடித்து, இரவு பத்தரை மணிக்குப் படத்தைப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. களைத்த மனம் ஒரு வசனத்தைத் தவறவிட்டுவிட்டு, தான் தவறவிட்டதையே கதையின் ஓட்டை என்று எண்ணிக்கொள்ளும். ‘அவனுக்கு அந்த முகவரி எப்படிக் கிடைத்தது?’ என்று கேட்பவர்களுக்காகப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், முகவரி சொல்லப்பட்ட காட்சியில் அவர்கள் தண்ணீர் எடுக்கப் போயிருப்பார்கள்.

ஒரு துண்டுத் தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். அவை எதற்கு என்பது ஏழாம் படியில் வரும்.

உடன் பார்ப்பவர் யார் என்பதும் முக்கியம். படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டவர் வாயைத் திறக்காவிட்டாலும், திருப்பம் வரும் இடங்களில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும், நீங்கள் கதையை விட்டு வெளியே வந்துவிடுவீர்கள். முதல் சில படங்களை, இருவருமே பார்த்திராத படங்களாக வைத்துக்கொள்வது நல்லது.

2. ஐயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிதல்

எல்லா ஐயமும் ஒன்றல்ல, ஒரே மருந்துக்கும் கட்டுப்படாது. ஆகவே படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியாக உங்களுக்குப் பிடிக்காமல் போன படத்தை நினைத்து, எந்தக் காட்சியில் ‘போடா’ என்று மனம் விலகியது என்பதை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

தொழிலறிவால் வரும் ஐயம் ஒன்று. எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தாதி (நர்ஸ்) ஒருவர் இருக்கிறார். மருத்துவமனைக் காட்சியில் இதயத்துடிப்புத் திரையில் கோடு நேராக ஓட, மருத்துவர் மின்அதிர்ச்சிக் கருவியை எடுத்தார். “கோடு நேரா போயிருச்சு தம்பி, இப்பப் போயி ஷாக் குடுக்கிறானுங்க! அதுக்கு நெஞ்சை அமுக்கணும், மருந்து ஏத்தணும், ஷாக் எதுக்கு?” என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. துடிப்பு தாறுமாறாகும் சில நிலைகளுக்குத்தான் மின்அதிர்ச்சி. முழுதும் நின்றுவிட்ட இதயத்துக்கு அது பயன்படாது. இப்படி, தெரிந்தவர்களுக்குத்தான் தொல்லை.

ஊரறிவால் வருவது இன்னொன்று. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வாழ்பவர்களுக்கு இது அடிக்கடி வரும் என்பதால் தனிப் படியாகவே பின்னால் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, ஐயம் போல் வேடமிட்டு வரும் வெட்கம். என் கணிப்பில் பெரியவர்களிடம் மிகுதியாக இருப்பது இதுதான். அம்மா பாடலில் கண் கலங்கப்போகும் நொடியில் ஒருவர் ‘அம்மாவின் புடவையில் ஓர் அழுக்குகூட இல்லையே’ என்று சொன்னால், அவர் புடவையைப் பற்றிப் பேசவில்லை. பிறர் முன் ஏமாளியாகத் தெரிந்துவிடக் கூடாது என்ற அச்சம் அவரை அப்படிப் பேசவைக்கிறது. உங்கள் கேலி பெரும்பாலும் உணர்ச்சி மிகுந்த காட்சிகளில்தான் வெளிவருகிறது என்றால், ஆறாம் படிவரை தனியாக அமர்ந்து பழகுங்கள். கூட்டத்தில் பழக்கம் வராது.

3. முதல் படத்தைத் தேர்ந்தெடுத்தல்

உங்கள் தொழிலும் உங்கள் ஊரும் இல்லாத கதையாக எடுங்கள். தாதிக்கு மருத்துவமனைத் தொடரும், வழக்கறிஞர் அலுவலக எழுத்தருக்கு நீதிமன்றப் படமும் கடைசியில் வரவேண்டியவை. பொதுமக்களில் சிலர் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை மலேசியாவில் 1995-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் இங்குள்ள எழுத்தர் அமெரிக்க ஜூரிக் கதையைத் தடையின்றிப் பார்த்துவிடுகிறார், ஏனெனில் அது அவருக்கு வேறு உலகம். நீதிபதியை ‘யாங் ஆரிஃப்’ என்று அழைக்க வேண்டிய உள்ளூர் நீதிமன்றக் கதையில் யாராவது ‘யுவர் ஆனர்’ என்றால் அவர் முகம் கோணிவிடும்.

எல்லாவற்றிலும் எளிதானது கேலிச்சித்திரப் படம். வரைந்த கோடு ‘நான் நிஜம்’ என்று எந்த இடத்திலும் உரிமை கோருவதில்லை, ஆகவே மறுக்கவும் அங்கே எதுவும் இல்லை. ‘சின்னப் பிள்ளைகள் பார்ப்பது’ என்று ஒதுக்காமல் அதிலிருந்து தொடங்கியவர்கள் விரைவில் முன்னேறியதைப் பார்த்திருக்கிறேன்.

முதலிலேயே ‘உண்மைக்கு மிக அருகில்’ என்று புகழப்படும் படத்தைத் தேர்ந்தெடுப்பது பொதுவான தவறு. உண்மைக்கு அருகில் வரும் படம் உங்களைச் சரிபார்க்க அழைக்கிறது; ஒத்திவைக்கப் பழகாதவர் சரிபார்த்துக்கொண்டே இருப்பார்.

4. தொலைக்காட்சியைச் சரிசெய்தல்

வீட்டில் பார்ப்பவர்கள் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு, நடிப்பு செயற்கையாக இருக்கிறது என்று குறை சொல்வது வழக்கம். திரைப்படம் வினாடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்களில்) எடுக்கப்படுகிறது. இன்றைய தொலைக்காட்சிகள் அவற்றுக்கிடையே தாமாகவே புதிய சட்டகங்களைச் செய்து நுழைத்து அசைவை வழவழப்பாக்குகின்றன. விளைவு, கோடிகள் செலவழித்து எடுத்த காட்சி கல்யாண வீடியோ போலத் தெரியும். அரண்மனை அட்டையாகவும் தாடி ஒட்டியதாகவும் கண்ணுக்குப் படும்.

அதை அணைக்க வேண்டும். சாம்சங் தொலைக்காட்சியில் படத்துக்கான அமைப்புகளுக்குள் ‘பிக்சர் கிளாரிட்டி’ என்றும், எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’ என்றும், சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்றும் இருப்பது இதுதான். புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பந்து விளையாட்டுக்கு வழவழப்பு நல்லது என்பதால், வீட்டிலுள்ள காற்பந்து ரசிகர்கள் மறுநாள் மாற்றிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

அடுத்து, எழுத்துகள். தமிழ்ப் படத்தை மலாய், ஆங்கில வசன வரிகளோடு பார்த்தே நமக்குப் பழக்கம். மூன்று மொழியும் தெரிந்தவரின் கண் அவரறியாமல் கீழே இறங்கி, மொழிபெயர்ப்பு சரியா என்று ஒப்பிடத் தொடங்கிவிடும். ஒப்பிடுவது திருத்துபவரின் வேலை. அந்த வேலையில் இறங்கியவர் கதைக்குள் இருக்க முடியாது. வீட்டில் வரிகளை அணைத்துவிடுங்கள். திரையரங்கில் அது நம் கையில் இல்லை என்பதால், முகங்களும் வரிகளும் ஒரே பார்வையில் அடங்கும்படி சற்றுப் பின் வரிசையில் அமர்வது ஓரளவு உதவும். முன் வரிசையில் கண் மேலும் கீழுமாக அலைந்துகொண்டே இருக்கும்.

விளக்கை அணைப்பதற்கும் காரணம் உண்டு. வெளிச்சத்தில் அலமாரியும் காலண்டரும் கண்ணில் படும்; நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அவை ஓயாமல் நினைவூட்டும்.

5. கைப்பேசியை வேறு அறையில் வைத்தல்

மடியில் கவிழ்த்து வைத்தால் போதாது. ஓர் ஐயம் எழுந்தால் அதை உடனே தேடித் தீர்த்துவிடலாம் என்ற வசதிதான் கெடுதல். அந்த நடிகருக்கு இப்போது என்ன வயது, அந்த மலை எந்த நாட்டில் இருக்கிறது என்று தேடிவிட்டுத் திரும்பும்போது நீங்கள் பார்வையாளராகத் திரும்பி வருவதில்லை.

இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேனியல் கில்பர்ட் 1991-இல் முன்வைத்த கருத்துப்படி, ஒன்றைப் புரிந்துகொள்ளும்போதே மனம் அதை முதலில் ஏற்றுக்கொள்கிறது. மறுப்பது அதன்பின் தனி முயற்சியாக நடக்கிறது. அப்படியானால் படத்தை நம்ப நீங்கள் பாடுபட வேண்டியதில்லை. மறுப்பதற்கான கருவியைக் கையெட்டாத தூரத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

6. முதல் 15 நிமிடங்கள்: ஒப்பந்தம் செய்துகொள்ளுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு படமும் தன் தொடக்கத்தில், எங்கள் ஊரில் என்னென்ன நடக்கும் என்பதைக் காட்டிவிடுகிறது. ஒருவர் அடித்தால் பத்துப் பேர் பறப்பார்களா, குண்டு பட்டவர் எழுந்து பேசுவாரா, இறந்தவர்கள் திரும்பி வருவார்களா, மாடு பேசுமா என்பதெல்லாம் கால் மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு வேலைதான்: தீர்ப்புச் சொல்லாமல், சட்டத்தைக் குறித்துக்கொள்வது.

பிறகு அதை ஒரே வாக்கியமாக மனத்துக்குள் சொல்லுங்கள். ‘இந்தப் படத்தில் பேய் உண்டு, பேய்க்குச் சுவர் தடையில்லை, ஆனால் அதனால் பொருளைத் தூக்க முடியாது.’ அல்லது, ‘இந்த நாயகனுக்கு வலி கிடையாது, தன்மானம் மட்டும் உண்டு.’ வாக்கியமாகச் சொல்லிப் பார்க்காதவர்கள் ஒவ்வொரு சண்டையிலும் மறுபடி புதிதாக வியந்து, மறுபடி புதிதாக எரிச்சலடைகிறார்கள். சொல்லிவிட்டவரின் உள்ளிருக்கும் வாத்தியாருக்கோ ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. புவியீர்ப்பைக் காவல் காப்பதை விட்டுவிட்டு, படம் தன் சட்டத்தைத் தானே மீறுகிறதா என்று அவர் பார்க்கத் தொடங்குவார். வேலையில்லாத வாத்தியார்தான் தொல்லை.

இது நமக்குப் புதிதல்ல என்பதையும் கவனியுங்கள். வயலில் நின்ற இருவர் பாடல் தொடங்கியதும் பனிமலையில் நிற்பதையும், ஒரு சரணத்துக்கு ஓர் உடை மாறுவதையும், நாயகனின் பேச்சுக்குரல் ஒருவருடையதாகவும் பாட்டுக்குரல் இன்னொருவருடையதாகவும் இருப்பதையும் ஐந்து வயதிலேயே நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். தெருக்கூத்தில் இருவர் பிடித்த துணித் திரைக்குப் பின்னால் நடிகரின் கால்கள் தெரியத் தெரிய, அவர் துரியோதனனாக வெளிப்படுவதை ஊரே ஏற்கிறது. தொல்காப்பியம் புனைந்து சொல்லும் நாடக வழக்கையும் உள்ளபடி சொல்லும் உலகியல் வழக்கையும் தனித்தனியே பெயரிட்டு, இரண்டும் சேர்ந்ததே புலனெறி வழக்கம், அதாவது கவிதை மரபு, என்கிறது. ஆகவே உங்களிடம் இல்லாத திறமையைப் புதிதாக வளர்க்கச் சொல்லவில்லை. பாடலுக்கு மட்டும் கொடுத்துவந்த சலுகையைப் படத்தின் மற்றப் பகுதிகளுக்கும் நீட்டச் சொல்கிறேன்.

தற்செயல் நிகழ்ச்சிகளுக்கு ஒரு தனி விதி வைத்திருக்கிறேன். கதையைத் தொடங்கிவைக்கும் தற்செயலைக் கேள்வியின்றி அனுமதியுங்கள்: கடைத்தெருவில் அவள் கைப்பை இவன் கைப்பையோடு மாறிப்போகட்டும், அது இல்லாமல் கதையே இல்லை. சிக்கலைக் கூட்டும் தற்செயலும் போகட்டும். கதையை முடித்துவைக்க வரும் தற்செயலை மட்டும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் எந்த மெய்ப்பாட்டை, அதாவது எந்த உணர்ச்சியைத் தருவதாகச் சொல்கிறது என்பதும் ஒப்பந்தத்தின் பகுதி. நகைச்சுவைப் படத்தில் மாடியிலிருந்து விழுந்தவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு போவான். அச்சம் தரும் படத்தில் அதே ஆள் எழுந்தால் வேறு பொருள். தாமதமாக வந்து உட்காருபவர்களுக்கு எந்தப் படமும் அபத்தமாகத் தெரிவதற்குக் காரணம் இந்தக் கால் மணி நேரத்தை அவர்கள் இழந்ததுதான். விளம்பரங்கள் ஓடி முடிய நேரமாகும் என்று கணக்குப் போட்டுத் திரையரங்குக்குப் பிந்தி வருவதை விடுங்கள்.

7. நடுவில் எழும் ஐயத்தைக் கையாளுதல்

ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகும் ஐயம் வரும். அதை அடக்காதீர்கள், ‘நினைக்கக் கூடாது’ என்று முயன்றால் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தாளில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: ‘ஷாக்’, ‘முகவரி’, ‘சாவி’. முழு வாக்கியமாக எழுதினால் வாதாடத் தொடங்கிவிடுவீர்கள். எழுதியதும், ‘பிறகு’ என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் திரைக்குக் கொண்டுபோங்கள்.

திரையில் எங்கே கொண்டுபோவது என்பதுதான் நுட்பம். தவறு நடந்த இடத்தையே பார்க்க வேண்டாம்; அந்தக் காட்சியில் அதிகம் இழக்கப்போகிறவரின் முகத்தையோ கையையோ பாருங்கள். நான் தாதி அக்காவிடம் சொன்னது இதைத்தான். “அக்கா, டாக்டரை விடுங்க. கண்ணாடிக்கு வெளியே நிக்கிற அம்மா கையைப் பாருங்க.” அந்த அம்மா தன் முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். தாதிகளுக்கு அந்தக் கைகளும் தெரிந்தவைதான். அக்கா அதன்பின் கருவியைப் பற்றிப் படம் முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும் விரிவாகப் பேசினார்.

‘இது நடக்குமா?’ என்ற கேள்வியை ‘இவருக்கு இப்போது என்ன வேண்டும்?’ என்று மாற்றிக்கொள்வதாகவும் இதைச் சொல்லலாம். மெலனி கிரீன், திமோதி பிராக் என்ற உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, பொய்யாகப் பட்ட இடங்களை வட்டமிடச் சொன்னார்கள். கதைக்குள் ஆழ்ந்துபோனவர்கள் குறைவாகவே வட்டமிட்டார்கள். ஓட்டைகளை அடைத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. உள்ளே போனவருக்கு ஓட்டைகள் கண்ணில் படுவதே குறைகிறது.

இந்தப் படியில் பெரும்பாலோர் செய்யும் தவறு, ஐயத்தைச் சத்தமாகச் சொல்வது. ‘காதுல பூ சுத்துறான்’ என்று ஒருவர் சொன்னவுடன் அறையிலுள்ள அனைவரும் காதைத் தடவிப் பார்க்கிறார்கள்.

இடைவேளையைப் பற்றி ஒரு சொல். தமிழ்ப் படங்கள் இடைவேளையை மனத்தில் வைத்து இரு பாதிகளாகவே எழுதப்படுகின்றன. இங்குள்ள திரையரங்குகள் பெரும்பாலும் இடைவேளை விடாமல் ‘இடைவேளை’ என்ற எழுத்தை மட்டும் காட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே போகும். இரண்டாம் பாதி பல நேரங்களில் சட்டத்தைச் சற்று மாற்றிக்கொண்டு தொடங்கும் என்பதால், அந்த எழுத்து தோன்றும்போது உங்கள் ஒப்பந்த வாக்கியத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் பார்ப்பவர்கள் அங்கேயே நிறுத்தி எழுந்து நடக்கலாம்.

8. நம் ஊரில் எடுத்த படங்கள்

முந்தைய படிகள் பழகிய பிறகே இதற்கு வாருங்கள். கோலாலம்பூரையும் பினாங்கையும் உலகத் திரைப்படங்கள் இரவல் வாங்கிய வரலாறு நீளமானது. 1999-இல் வந்த ‘என்ட்ராப்மென்ட்’ என்ற ஆங்கிலப் படம், மலாக்கா ஆற்றங்கரைக் குடிசைகளைப் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் காலடியில் இருப்பது போல ஒட்டிக் காட்டியது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அன்றைய பிரதமர் மகாதீரே வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். 2018-இல் வந்த ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’ படத்தில் சிங்கப்பூர்ப் பெருஞ்செல்வரின் மாளிகையாக நிற்பது கோலாலம்பூரிலுள்ள நம் கார்கோசா ஸ்ரீ நெகாரா. சிங்கப்பூர் மாஜோங் (சீனக் காய் விளையாட்டு) விடுதியாக வருவது பினாங்கு நீல மாளிகை. 1932-ஆம் ஆண்டின் சிம்லாவைக் காட்டிய ‘இந்தியன் சம்மர்ஸ்’ தொடர் பினாங்கில் எடுக்கப்பட்டது.

பினாங்குக்காரர் ஒருவர் சிம்லா என்ற எழுத்தைப் பார்த்ததும் ‘அட, இது நம்ம இடம்’ என்பார். அந்த ‘அட’வைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அதைப் படத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்வதுதான் வழி. எங்கே படம்பிடித்தார்கள் என்பதை முதல் நாளே தேடிப் படித்துவிடுங்கள். கைப்பேசிக்கு நான் விதித்த தடை படம் ஓடும் நேரத்துக்கு மட்டும்தான். எதிர்பார்த்து வரும் இடம் கண்ணை உறுத்தாது.

சாலைக் காட்சிகளுக்கும் இதே முறை. கார் இரட்டைக் கோபுரத்தருகே திரும்பி அடுத்த நொடியே பத்துமலை முருகன் சிலைக்கு முன் வந்து நின்றால், ஜாலான் ஈப்போ நெரிசலில் நாள்தோறும் உட்காருபவர்கள் சிரித்துவிடுவார்கள். இயக்குநர் தூரத்தைச் சொல்ல வரவில்லை, இரண்டு அடையாளங்களைச் சொல்ல வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சில்தான் என்னால் இன்னும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. சென்னை நடிகர் மலேசியத் தமிழராக நடிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ‘லா’ சேர்த்தால் அது நம் பேச்சு ஆகிவிடாது. இடம் இரவல் வாங்கக்கூடியது, ஒரு பாத்திரம் யார் என்பதோ அதன் பேச்சில் இருக்கிறது. ஆகவே இந்தக் குறையைத் தாளில் எழுதும்போது அடிக்கோடிடுகிறேன்.

9. நாள்தோறும் வரும் நாடகங்கள்

தொலைக்காட்சி நாடகங்களின் ஒப்பந்தம் வேறு. அங்கே நேரம் நகராது, தூங்குபவர் முகத்தில் ஒப்பனை கலையாது, ஒருவர் கன்னத்தில் அறை விழுந்தால் அங்குள்ள எல்லார் முகமும் மும்முறை வரும், ஒரு நாள் திடீரென்று ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற எழுத்தோடு கணவரே மாறிவிடுவார். அம்மாவோடும் மாமியாரோடும் பேசிக்கொண்டே பார்ப்பதற்காக எடுக்கப்படுபவை அவை. அங்கே வாய்விட்டுச் சொல்லும் ஐயமும் பார்ப்பதன் ஒரு பகுதி. ஆகவே ஏழாம் படி இங்கே தேவையில்லை. மௌனமாக, விளக்கணைத்து, மனம் ஒன்றி நாடகம் பார்க்க முயன்றவர்கள் மூன்றாம் நாளே கைவிட்டார்கள்.

இணையத் தொடர்களுக்குத் திரைப்பட முறையே பொருந்தும். ஆனால் ஒரே இரவில் எட்டுப் பாகங்களையும் பார்த்து முடிக்காதீர்கள். வாரம் ஒன்றாகப் பார்த்தால் மறைந்துபோகும் உத்திகள், தொடர்ந்து பார்க்கும்போது தையல் தெரியும்படி வெளியே வந்துவிடும்.

10. படம் முடிந்தபின் கணக்குத் தீர்த்தல்

ஒத்திவைத்த ஐயத்துக்கு அதன் நேரத்தைக் கொடுக்காவிட்டால் அடுத்த படத்தில் அது காத்திருக்காது. இந்தப் படியை விட்டுவிடுபவர்கள்தான் ‘இரண்டு படம் நன்றாகப் போனது, மூன்றாவதில் பழையபடி ஆகிவிட்டது’ என்று வந்து நிற்கிறார்கள். நாங்கள் கீழே உள்ள மாமாக் கடைக்கு (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) போய், தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வந்ததும் தாளை விரிப்போம்.

முதலில் எந்த இடம் உங்களைத் தொட்டது என்று சொல்லுங்கள், குறைகள் அதற்குப் பின். வரிசை மாறினால், குறைகளைக் கேட்டபின் யாருக்கும் ‘எனக்கு அழுகை வந்தது’ என்று சொல்லத் துணிவு வராது. இரண்டாம் படியில் சொன்ன வெட்கம் மேசைக்கே வந்து உட்கார்ந்துவிடும்.

பிறகு தாளிலுள்ள சொற்களை இரண்டாகப் பிரியுங்கள். நம் உலகத்தின் விதியை மீறியவை ஒரு பக்கம், படம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதியை மீறியவை மறுபக்கம். பேய் சுவர் வழியாக நடப்பது முதல் வகை, அதற்கு மன்னிப்பு உண்டு. அதே பேய் இறுதிக் காட்சியில் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தால் அது இரண்டாம் வகை, அது படத்தின் குற்றம். கதையை முடிக்க வந்த தற்செயலும் இரண்டாவதில் சேரும். முதல் வகையிலேயே எல்லாம் குவிந்து, இரண்டாவதில் ஒன்றிரண்டே இருந்தால் அது ஒழுங்காகச் செய்த படம்; உங்களுக்குப் பிடித்ததா என்பது வேறு பேச்சு.

இந்தப் பிரிவினையில் வாக்குவாதம் வரும், வரட்டும். தாதி அக்கா மின்அதிர்ச்சியை இரண்டாம் வகையில்தான் போடுவேன் என்றார். படம் தொடக்கத்திலிருந்தே மருத்துவ நுணுக்கங்களைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டது, அப்படியானால் அது அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டது என்பது அவர் வாதம். எங்களால் மறுக்க முடியவில்லை.

11. ஒத்திவைக்கக் கூடாத இடங்கள்

நிகழ்ச்சிகள் நடக்கக்கூடியவையா என்ற ஐயத்தை மட்டுமே ஒத்திவைக்கச் சொன்னேன். மறுக்கும் பெண்ணை மாதக்கணக்கில் பின்தொடர்ந்தால் அவள் மனம் மாறிவிடும் என்று ஒரு படம் காட்டினால், அது புவியீர்ப்பை மீறுவது போன்றதல்ல. அங்கே படம் உங்களிடம் ஒரு கருத்துக்கு ஒப்புதல் கேட்கிறது. நிறத்தையும் சாதியையும் வைத்துச் சிரிக்கச் சொல்லும் காட்சிக்கும் இதே நிலை. கதைக்குள் ஆழ்ந்திருக்கும்போது கருத்தும் சேர்ந்தே உள்ளே வரும் என்பதால், இத்தகைய ஐயத்தைத் தாளில் எழுதிக் காத்திருக்க வைக்காதீர்கள். உடன் பிள்ளைகள் இருந்தால் படத்தை நிறுத்தியே பேசிவிடுங்கள்.

நோய்க்கு மருந்து சொல்லும் காட்சிகளும், ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்ற அறிவிப்போடு தொடங்கும் படங்களும் இன்னொரு வகை. தழுவியது எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு என்று அந்த அறிவிப்பு சொல்வதில்லை. படத்தைக் கற்பனைக் கதையாகவே பார்த்து முடியுங்கள். அதில் வந்த பெயர்களையும் ஆண்டுகளையும் யாரிடமாவது எடுத்துச் சொல்வதற்கு முன் வேறோர் இடத்தில் சரிபாருங்கள். செய்தி, ஆவணப்படம், கைப்பேசிக்கு வந்து சேரும் காணொளி ஆகியவற்றுக்கு இந்த வழிகாட்டியின் எந்தப் படியும் பொருந்தாது.

எல்லாப் படிகளையும் செய்தும் ஒரு படம் இரண்டாம் பாதியில் தன் ஒப்பந்தத்தை அடுத்தடுத்து முறிக்கத் தொடங்கினால், எழுந்து போய்விடுங்கள். கொடுத்த ரிங்கிட்டுக்காக உட்கார்ந்திருப்பவர் மீதி நேரம் முழுவதும் ஓட்டைகளை எண்ணிக்கொண்டுதான் இருப்பார். அடுத்த சனிக்கிழமையும் அவர் எண்ணிக்கொண்டே வருவார்.